ஏ.டி.எச்.டி: மருந்துக்கு முன்பு கேட்க வேண்டியது

ஏ.டி.எச்.டி (கவனக் குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) உள்ள உங்கள் குழந்தைக்கு இன்னும் 6 வயது ஆகவில்லையா? பெற்றோருக்கான நடத்தை மேலாண்மைப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இந்த வயதில் மருந்துக்கு முன்பு இதைத்தான் பரிந்துரைக்கிறது. பயிற்சி பெற்றோருக்கு என்றதும் சிலர் மனம் வாடுகிறார்கள். வளர்ப்பில் குறை என்று அதற்குப் பொருளே இல்லை. குழந்தையுடன் அதிக நேரம் இருப்பவர் நீங்கள், அவ்வளவுதான்.

இன்றே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. "அறையை ஒழுங்காக வை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அருகில் சென்று, முகம் பார்த்து, "புத்தகங்களை அலமாரியில் வை" என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். முடித்த அந்த நொடியிலேயே, எதைச் செய்தது என்று குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். வார இறுதியில் தருவதாகச் சொல்லும் பரிசு இந்தக் குழந்தைகளை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. உடனே கிடைக்கும் சிறு பாராட்டுக்கு வலு அதிகம்.

ஏ.டி.எச்.டி உள்ள பெரியவர்களுக்கு, மருந்து எடுத்துக்கொண்டாலும், அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சு வழிச் சிகிச்சை) உதவும். பெரிய வேலையைத் துண்டுகளாக்குவது, எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டியில் எழுதுவது போன்றவற்றை அதில் பழக்குவார்கள். ஆனால் இதில் பலன் தெரிகிறது என்று மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.