குக்கரைத் திட்டினேன், குற்றவாளி குழாயில் இருந்தது

இந்த மாதம் மளிகை வாங்குவதில்லை, வீட்டில் இருப்பதையே சமைத்துத் தீர்ப்பது என்று முடிவு. அலமாரியின் பின்பக்கம் 2 கிலோ துவரம்பருப்பு கிடைத்தது. ஆனால் 4 விசில், 7 விசில் விட்டும் மசியவில்லை. தண்ணீர் தனி, பருப்பு தனி. குக்கருக்கு கேஸ்கெட் மாற்றினேன். இரவு முழுக்க ஊறவைத்தேன். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். ம்ஹூம். "பழசு, கொட்டிடு" என்றார் அம்மா.

நான்காம் நாள் மோட்டார் பழுது. வேறு வழியில்லாமல் கேன் தண்ணீரில் ஊறவைத்து, அதிலேயே வேகவைத்தேன். 4 விசிலில் வெண்ணெய் மாதிரி குழைந்தது!

அப்புறம்தான் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தைப் பார்த்தேன். அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு. வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் கோடை வந்தால் குழாயில் போர் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளை இறுக்கிவிடும். நாள்பட்ட பருப்பு என்றால் இன்னும் மோசம். நான் ஊறவைத்ததும் அதே தண்ணீரில்தானே!

இப்போது கழுவ மட்டும் குழாய்த் தண்ணீர். ஊறவும் வேகவும் கேன் தண்ணீர். புளிக்கரைசல், பருப்பு மசிந்த பிறகு. அதே அலமாரியில் கிடந்த பழைய கொண்டைக்கடலையும் நேற்று சுண்டலாகிவிட்டது.