காற்று இறங்கினால் முதலில் வால்டியூப்பைப் பாருங்கள்

சைக்கிளில் காற்று இறங்கிக் கிடந்தால் நேரே பஞ்சர் கடைக்கு உருட்ட வேண்டாம். காற்றடித்து, வால்வு வாயில் துளி எச்சில் தடவுங்கள். நட்டை இறுக்கியும் குமிழ் வந்தால், போனது பெரும்பாலும் வால்வுக்குள் ஊசிமேல் மாட்டியிருக்கும் ரப்பர் குழாயான வால்டியூப்தான்.

காற்றை வெளியே விடாமல் அடைப்பது அந்தச் சின்ன ரப்பர் குழாய். வெயிலில் நிற்கும் வண்டியில் அதில் சீக்கிரமே வெடிப்பு விழுந்துவிடும். நட்டைக் கழற்றி, ஊசியை உருவி, புது ரப்பரை ஈரப்படுத்தி, ஊசியின் பக்கவாட்டு ஓட்டையைத் தாண்டும்வரை ஏற்றுங்கள். ஓட்டை பாதி தெரிந்தாலும் மறுபடி இறங்கும். பையில் ஒரு துண்டு எப்போதும் கிடக்கட்டும், விலை ஒன்றும் பெரிதில்லை.

பைக், கார் டயரில் இருப்பது போன்ற தடித்த வால்வுக்கும், மெலிந்த பிரெஸ்டா வால்வுக்கும் இது பொருந்தாது. அவற்றில் வால்டியூப்பே கிடையாது. குமிழ் வராமல் காற்று இறங்கினால் பெரும்பாலும் பஞ்சர்தான். அப்போது ஏறி ஓட்டாதீர்கள், ரிம் டியூபை நறுக்கிவிடும்.