வேகமெடுத்தால் மூக்கைத் தூக்கும் ஃபாயில்: என் அனுபவம்

வீட்டில் செய்த கைட் ஹைட்ரோஃபாயில் (பெரிய காற்றாடி இழுக்க, தண்ணீருக்கடியில் உள்ள இறக்கைகள் மேலே தூக்கிப் பிடிக்கும் சவாரிப் பலகை) மெதுவாகப் போகும்வரை சமர்த்தாக இருக்கும். வேகம் கூடியதும் பலகையின் மூக்கு மேலே எழும்பும். முன்காலில் முழு எடையைப் போட்டாலும் அடங்காது. ராமேஸ்வரத்தில் நல்ல தென்மேற்குக் காற்று வீசிய நாட்கள் இதிலேயே வீணாயின.

முதலில் மாஸ்ட்டை, அதாவது பலகையையும் இறக்கைகளையும் இணைக்கும் தூணை, பின்னால் நகர்த்தினேன். முன்காலுக்குச் சுமை குறைந்தது, ஆனால் மெதுவாகப் போகும்போது மூக்கு தண்ணீரில் குத்தியது. வேகத்தில் பழைய கதைதான். அப்புறம் முன் இறக்கையின் முன்விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது, குணம் மாறவில்லை.

மிச்சம் இருந்தது பின்னால் உள்ள சின்ன இறக்கை, அதாவது ஸ்டெபிலைசர். அது வாலைக் கீழே அழுத்தும், அதனால் மூக்கு மேலே எழும்பும். வேகம் இரு மடங்கானால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகும். மேசையில் கோணம் பார்த்தால் சரியாகவே இருந்தது. போல்ட்டை இறுக்கிய பிறகு அளந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: இறக்கை உட்காரும் பிளைவுட்டில் முன் போல்ட்டின் அடிப்பகுதி நசுங்கி, முன்விளிம்பு கீழே சாய்ந்திருந்தது. 57 மில்லிமீட்டர் நீளத்தில் 1 மில்லிமீட்டர் இறங்கினாலே கிட்டத்தட்ட 1 டிகிரி மாறிவிடும். இங்கே அது பெரிய மாற்றம்: முன்விளிம்பு சாயச் சாய வாலின் அழுத்தம் கூடும்.

நசுங்கிய இடத்தைச் செதுக்கி எடுத்து, எபாக்சிப் பசையும் கண்ணாடி இழையும் வைத்து நிரப்பினேன். காய்ந்ததும் தட்டையாகத் தேய்த்து, முன் போல்ட்டின் கீழ் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று கொடுத்தேன். இப்போது இறுக்கிய பிறகுதான் கோணம் அளக்கிறேன். மூக்கு எழும்பவில்லை. வாலின் அழுத்தம் குறைந்ததால் வேகமும் கொஞ்சம் கூடியது.