கழுத்து வலிக்காமல் சோலைமந்தியைப் பார்த்தால் எங்கோ தவறு

ஆழியாறு அணையைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடித்தால் வால்பாறை. ஊர் வருவதற்குச் சில கிலோமீட்டர் முன்பு, அதுவரை இருபுறமும் தேயிலையாகவே வந்துகொண்டிருந்த சாலை, புதுத்தோட்டம் என்ற இடத்தில் ஒரு துண்டுக் காட்டுக்குள் புகும். அங்கே ஐந்தாறு கார்கள் வளைவிலேயே தாறுமாறாக நின்றிருந்தால் விபத்து என்று பதற வேண்டாம். சோலைமந்திகள் என்கிற சிங்கவால் குரங்குகள் சாலைக்கு இறங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு காரின் கண்ணாடி இறங்கும். ஒரு கை வெளியே நீளும். கையில் பாதி தின்ற சிப்ஸ் பாக்கெட். பின்னிருக்கைக் குழந்தை குதூகலத்தில் கத்தும். கைப்பேசிகள் எல்லா ஜன்னல்களிலும் முளைக்கும்.

எனக்குப் பொள்ளாச்சி. வருடத்துக்கு நாலைந்து முறையாவது அந்த மலை ஏறிவிடுவேன். வெளியூர் நண்பர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: சிங்கவால் குரங்கைப் பார்க்க எங்கே, எத்தனை மணிக்குப் போக வேண்டும்? அதைவிட, எதையெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்வது எனக்குச் சுலபம். அவற்றில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

முதலில், எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்துவிட்டுத் திரும்புவது. ஆனைமலையில் ஒரே நாளில் மூன்று வகைக் குரங்குகள் கண்ணில் படலாம். அடிவாரத்துக் குரங்கு அருவியிலும் மலைப்பாதைச் சுவர்களிலும் உட்கார்ந்து பையைப் பிடுங்குவது நாட்டுக்குரங்கு. கோயில் குளக்கரையில் பார்த்த அதே ஆசாமிதான், இங்கே கொஞ்சம் குளிர்காற்று வாங்குகிறது. மேலே சோலைகளுக்குப் போனால் கறுப்பில் இரண்டு உண்டு. ஒன்று கருமந்தி, நீலகிரி மந்தி என்றும் சொல்வார்கள். உடல் கறுப்பு, தலைமுடி மட்டும் செம்பழுப்பு, வால் உடலைவிட நீளம். கிளையில் உட்கார்ந்தால் அந்த வால் ஆலம் விழுதுபோல் நேராகத் தொங்கும். இன்னொன்று சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு. கரிய முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. அந்தப் பிடரியால்தான் சிங்கம் என்று பெயர் வந்தது எனப் பலர் நினைக்கிறார்கள். சிங்கம் இருப்பது வாலில். குட்டையான வால், நுனியில் ஒரு குஞ்சம்.

பழந்தமிழில் ஆண் குரங்கு கடுவன், பெண் குரங்கு மந்தி. இன்றைக்குச் சோலைமந்தியில் ஆணும் மந்திதான். கடுவன்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் முதன்முதலில் போனது ஒரு ஜூலை மாதம், வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு. மூன்று நாளும் மழை. மூடுபனிக்குள் கறுப்பாக ஒன்று தாவியதைப் படமெடுத்து, சிங்கவால் குரங்கைப் பார்த்துவிட்டேன் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு வருடம் கழித்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது திரையின் மேலிருந்து கீழ்வரை ஒரு நீளமான வால் தொங்கிக்கொண்டிருந்தது. கருமந்தி! அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய உயிர்தான், பார்த்ததில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு வருடப் பெருமை போயிற்று.

கருமந்தியைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருங்குரங்கு லேகியம் என்று யாராவது காதோரம் வந்து சொன்னால் விலகிப் போய்விடுங்கள். அது நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கைக்காகவே இந்தக் குரங்குகள் எத்தனையோ காலமாக வேட்டையாடப்பட்டன. நோய் எதையும் அது தீர்ப்பதாக நிரூபணம் இல்லை. விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் கம்பி எண்ண வேண்டி வரலாம்.

இனி, அந்தச் சிப்ஸ் பாக்கெட்டுக்கு வருவோம். தவறுகளிலேயே பெரியது அதுதான். பசியோடு இருக்கிற ஜீவனுக்கு ஒரு பிஸ்கட் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். வாயில்லா ஜீவனுக்குப் போடுவது புண்ணியம் என்று வளர்ந்தவர்கள். ஆனால் சோலைமந்தி பசியோடு இல்லை. காட்டில் அது பகலின் பெரும்பகுதியைத் தேடித் தின்பதிலேயே கழிக்கிறது. அத்திப்பழம், பலா, வெடிப்பலா என்கிற முள்ளுக்காயின் விதை, பூ, பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும் புழு பூச்சி, சிலந்தி, சில நேரம் ஓணான். கிடைத்ததைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு, கன்னம் புடைக்க அடுத்த கிளைக்கு நகரும். மரத்தின் உச்சியிலேயே பிறந்து, உச்சியிலேயே உண்டு உறங்கும் விலங்கு அது. தரைக்கு இறங்குவது அதன் இயல்பில் அரிது.

புதுத்தோட்டத்தில் இறங்குகிறது. காரணம், அந்தக் காடு நூறு ஹெக்டேரைக்கூட எட்டாத ஒரு தீவு. சுற்றிலும் தேயிலை, நடுவே தார்ச்சாலை, ஓரத்தில் குடியிருப்புகள். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சோலைமந்திகள். மரத்துக்கு மரம் தாவ வழி அறுந்த இடங்களில் அவை தரையில் நடக்கக் கற்றுக்கொண்டன. சாலையில் பாக்கெட் கிடைக்கும் என்பதையும் கற்றுக்கொண்டன. பிறகு அடுப்படிக்குள் புகவும் கற்றுக்கொண்டன. வார விடுமுறையில் நாம் பழக்கிவிட்டுப் போகிற குரங்கு, திங்கட்கிழமை தோட்டத் தொழிலாளி வீட்டு ஓட்டைப் பிரிக்கிறது. அவர் எரிச்சலில் கல்லெடுத்தால் குற்றம் அவருடையது மட்டுமா?

வண்டியில் அடிபட்டுச் சாவதும் அங்கே நடந்திருக்கிறது. ஒன்று போனால் என்ன என்று நினைக்க இது எலி இனம் அல்ல. பெண் சோலைமந்தி முதல் குட்டி போடவே ஆறு வயதுபோல் ஆகிவிடும். ஒரு தடவைக்கு ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத, மொத்தமே சுமார் 4,000 என்று கணக்கிடப்படும் ஓர் இனத்தில், சாலையில் விழுந்த ஒரு தாயின் இடம் நிரம்ப எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதற்காகத்தான் அந்தச் சாலையின் மேலே, ஒரு மரத்திலிருந்து எதிர்மரத்துக்கு நாடாப் பட்டைகளால் ஏணிபோலப் பின்னிய பாலங்களைக் கட்டியிருக்கிறார்கள். வால்பாறையில் நீண்ட காலமாக வேலை செய்துவரும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்களும் வனத்துறையினரும் எடுத்த முயற்சி அது. உள்ளூர் ஆட்களே காவலர்களாகச் சாலையில் நின்று, மந்திகள் கடக்கும்போது வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்வார்கள். அப்படி ஒரு காவலர் கையைக் காட்டினால், ஏதோ வசூல் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். ஓரமாக, காட்டுத்துண்டைத் தாண்டி வண்டியை நிறுத்திவிட்டு அவரிடம் பேச்சுக் கொடுங்கள். கூட்டம் காலையில் எந்த மரத்தில் இருந்தது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். நான் பார்த்த நல்ல காட்சிகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவர்கள் விரல் நீட்டிக் காட்டியவை.

சரி, உணவு கொடுக்கவில்லை. பக்கத்தில் போய் ஒரு செல்ஃபி? அதுவும் வேண்டாம். குரங்கு பல்லைக் காட்டினால் அது சிரிப்பு அல்ல. வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவதுபோல் கோரைப்பல்லைக் காட்டுவது பல நேரங்களில் எச்சரிக்கை. கண்ணுக்குள் கண் வைத்து முறைத்துப் பார்ப்பது அவற்றின் வழக்கில் சண்டைக்கு இழுப்பது. கேமராவின் பெரிய லென்ஸும் முறைக்கிற கண்தான். கடித்தாலோ கீறினாலோ சின்னக் காயம்தானே என்று விடக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். நமக்கு ஜலதோஷம், இருமல் என்றால் இன்னும் தள்ளி நிற்பது நல்லது. நம் நோய் அவற்றுக்கும் ஒட்டும்.

அட்டைக்கு வருவோம், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும். ஈரமான நாளில் சோலை ஓரத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். செருப்போடும் அரைக்கால் சட்டையோடும் போவது அதற்கு விருந்து வைப்பது. முழங்கால்வரை இழுத்துக் கட்டும் அட்டை உறை வாங்கிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் சிகரெட்டால் சுட வேண்டாம், நகத்தால் ஓரத்திலிருந்து நெம்பினாலே விட்டுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது என்பதால் கொஞ்ச நேரம் வழியத்தான் செய்யும். அட்டை கடித்துச் செத்தவர் யாரும் இல்லை, கூச்சலில் குரங்குகளை விரட்டியவர்கள் ஏராளம்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குரங்குக்காக மட்டும் போகாதீர்கள். மழையைப் பார்க்கப் போகலாம், அது வேறு இன்பம். மந்தியைப் பார்க்க மழை ஓய்ந்த மாதங்களே சரி. அதிகாலையில் போனால் கருமந்தியின் உறுமல் பள்ளத்தாக்கு முழுக்க உருண்டு வருவதைக் கேட்கலாம். வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு சோலைமந்திகள் தேடலில் மும்முரமாக இருக்கும். டிசம்பர் விடுமுறையின் கடைசி வாரத்தில் மலை ஏறினால் நீங்கள் பார்ப்பது முன்னால் நிற்கும் காரின் நம்பர் பலகையைத்தான். நீலகிரி, கொடைக்கானலைப் போல வால்பாறைக்கும் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. அதை முன்பே எடுத்து வைத்துக்கொண்டால் சோதனைச் சாவடியில் சிக்னல் இல்லாமல் தவிக்க வேண்டாம்.

தேயிலைத் தோட்டத்துக்குள் மாலையில் உலாவப் போவதைத் தவறு என்றுகூடச் சொல்ல மாட்டேன், மடத்தனம் என்பேன். புகைப்படத்தில் பச்சைக் கம்பளம்போல் தெரிகிற அந்தச் செடிகள் இடுப்பளவு உயரம். உள்ளே படுத்திருக்கும் சிறுத்தையை மூன்றடி தூரத்திலும் பார்க்க முடியாது. குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அந்த ஊரில் இருக்கின்றன. யானைகளும் சோலைத்துண்டு விட்டுச் சோலைத்துண்டு போக இதே தோட்டங்கள் வழியாகத்தான் நடக்கின்றன. சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு பொருத்தியிருப்பார்கள். அது எரிந்தால் பக்கத்தில் எங்கோ யானை நிற்கிறது என்று பொருள். அலங்கார விளக்கு என்று நினைத்து அதன் கீழே நின்று படமெடுத்த ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். மேலும், எஸ்டேட் சாலைகள் தனியாருடையவை, கேட்காமல் நுழையக் கூடாது. புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடவும் கூடாது. சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம்.

படமெடுப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. கறுப்பு உடல், பின்னால் வெளிறிய வானம். கேமராவை அதன் போக்கில் விட்டால் குரங்கு வடிவில் ஒரு மைத்துளி மட்டுமே கிடைக்கும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி, வானம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். படமே எடுக்காமல் ஒரு பைனாகுலர் மட்டும் கொண்டுபோவது எல்லாவற்றையும்விட மேல், ஆனால் இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

தேடுவதற்குக் கண்ணைவிடக் காதுதான் உதவும். காற்றே இல்லாத நேரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் ஆடும். தோலும் சக்கையும் இலைகள்மேல் பொத்துப் பொத்தென்று விழும். போன மே மாதம் அப்படி விழுந்த ஒரு பலாச்சக்கை என் தோளில்தான் பட்டது. நிமிர்ந்து பார்த்தால், அடிமரத்தில் தொங்கிய பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் மந்தி. ஒரு கையால் மரத்தைப் பிடித்து, மறுகையை முழங்கைவரை பழத்துக்குள் விட்டுச் சுளையைத் தோண்டிக்கொண்டிருந்தது. வயிற்றில் தொற்றிக்கொண்டு ஒரு குட்டி. அதற்கு இன்னும் பிடரி முளைக்கவில்லை, வெளிறிய முகம், காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. தாய் என்னை ஒரு தடவை பார்த்தது. பிறகு பழத்தைப் பார்த்தது. பழம்தான் முக்கியம் என்று முடிவெடுத்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்துக் கூட்டம் நகரத் தொடங்கியது. ஒவ்வொன்றாகக் கிளை நுனிக்கு வந்து, கொஞ்சம் யோசித்து, சாலைமேல் கட்டிய பாலத்தில் நடந்து அந்தப் பக்கம் போயின. எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினேழாவது கடக்கும்போது கீழே ஒரு வேன் உரத்த பாட்டோடு போயிற்று. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் இரண்டு பக்கத்துச் சாலையோரத்தையும் துழாவிக்கொண்டிருந்தார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை.