கொல்லைக் கதவை மறந்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்

போன வாரம் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கத்தில் ஒரு புது வீட்டுக்குக் கதவு மாட்டப் போயிருந்தோம். கூட வந்த பையன் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகிறது. கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். ஸ்க்ரூவை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு தட்டி இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்றை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பொங்கலுக்கு நாலு நாள் வீட்டைப் பூட்டிவிட்டு மாமனார் ஊருக்குக் கிளம்பப்போகிறவர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே தட்டை நானும் ஒரு காலத்தில் தட்டியிருக்கிறேன். அதற்கு ஒரு குடும்பம் என்ன விலை கொடுத்தது என்பதும் எனக்குத் தெரியும்.

ஜன்னலைச் சாத்துங்கள், பால் பாக்கெட்டை நிறுத்துங்கள், பயணப் படத்தை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 30 வருஷத் தச்சு வேலையில், திருட்டு நடந்த வீடுகளில் கதவைச் சரிசெய்யப் போனபோது என் கண்ணில் பட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பணம் முழுக்க வாசலுக்கு, மிச்சம் கொல்லைக்கு

நம் பக்கத்துப் பழைய வீடுகள் எப்படி இருக்கும்? தெருவில் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், அடுக்களை, அப்புறம் கிணற்றடி, மாட்டுக்கொட்டகை, நாலு தென்னை என்று நீளமாகப் போய், கடைசியில் ஒரு சந்திலோ வாய்க்காலிலோ முடியும். வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொல்லையில் மரம் விழுந்தால்கூடச் சரியாகக் கேட்காது. புது வீடுகளும் மனை நீளமாக இருந்தால் இதே கதைதான்.

ஆனால் கதவுக்குச் செலவு செய்யும்போது வாசலைத்தான் பார்க்கிறோம். தேக்கு நிலை, பித்தளைக் கைப்பிடி, ஏழு லீவர் பூட்டு, அதற்கு முன்னால் இரும்பு கிரில். கொல்லைக்கு வந்தால் மிஞ்சின பலகையில் ஒரு கதவு, கடையில் இருப்பதிலேயே சின்னத் தாழ்ப்பாள். "பின்னாடி யாரு வரப்போறா, வாய்க்கால்தானே இருக்கு" என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

வாய்க்கால் வருஷம் முழுக்க ஓடுவதில்லை. எங்கள் பக்கத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். தண்ணீர் ஓடும்வரை அது வேலிதான். அதற்கப்புறம் காய்ந்து, கோடையில் நடைபாதை ஆகிவிடும். பள்ளிக்கூட லீவு விட்டு நாம் குடும்பத்தோடு கிளம்புகிற அதே ஏப்ரல், மே மாசத்தில், கரைக்குக் கீழே குனிந்து நடந்து வருகிறவனை யாராலும் பார்க்க முடியாது.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். ஓய்வுபெற்ற வாத்தியார் வீடு. மே மாசம் பேரப்பிள்ளைகளைப் பார்க்க அவரும் மனைவியும் சென்னைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து வாசலைத் திறந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. கூடத்தைத் தாண்டினால் அடுக்களையில் வெளிச்சம். கொல்லைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பீரோவில் இருந்த 14 சவரன் போய்விட்டது.

போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். போய் நின்றதும் அந்த அம்மா கதவைக் காட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, பூட்டு அப்படியே இருக்கு பாருங்க."

உண்மைதான். தாழ்ப்பாளும் அதில் மாட்டியிருந்த பூட்டும் கதவில் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. நிலையில் இருந்த வளையம்தான், அதாவது தாழ்ப்பாள் தண்டு போய் நுழையும் அந்தச் சின்ன இரும்புத் துண்டுதான், பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. கீழே நாலு ஸ்க்ரூ கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அரை அங்குலம். புரியில் ஒட்டிக்கொண்டு ஒரு துணுக்கு மரம்கூட இல்லை. முறுக்கி இறக்கிய ஸ்க்ரூவைப் பிடுங்கினால் மரத்தையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். அடித்து இறக்கியது ஆணி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சுத்தியல் அடியில் மர நார் முன்பே கிழிந்துபோயிருக்கும்.

11 வருஷத்துக்கு முன்னால் அந்த நாலு ஸ்க்ரூவையும் அடித்து இறக்கியது நான்தான். வாத்தியாரிடம் அதை அன்றைக்கே சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கூலி வாங்காமல் கதவைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். நகை வரவில்லை.

ஆகவே கதவு மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் மெல்லிய பிட்டால் துளை போட வேண்டும். அப்புறம் இரண்டு, இரண்டரை அங்குல ஸ்க்ரூவை முழுக்க முறுக்கி இறக்க வேண்டும். யாராவது சுத்தியலை எடுத்தால் நிறுத்திவிடுங்கள். வெளியே பூட்டும் நாதாங்கியாக இருந்தால் ஸ்க்ரூவே வேண்டாம். வெளியே உருண்டைத் தலை, உள்ளே நட்டு என்று கதவைத் துளைத்துப் போகும் போல்ட் போடச் சொல்லுங்கள். திண்டுக்கல் பூட்டு நல்ல பூட்டுதான். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதைக் கொண்டுபோய்த் தகர நாதாங்கியில் மாட்டினால், கடப்பாரை பூட்டைத் தொடவே தொடாது.

இதையெல்லாம்விட நல்லது குறுக்குக் கட்டை. நம் பாட்டன் காலத்து வீடுகளில் கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கனத்த மரக்கட்டை இருக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் அது போய் உட்காரும். வீட்டைப் புதுப்பிக்கும்போது அழகாக இல்லை என்று முதலில் அதைத்தான் கழற்றுகிறார்கள். கழற்றாதீர்கள். இல்லாத வீட்டில், சுவரில் இரண்டு இரும்புக் கொக்கியைச் சிமெண்ட் வைத்துப் பதித்து, குறுக்கே ஒரு இரும்புக் குழாயைப் போட்டாலும் போதும். கதவைத் தள்ளும் பலம் ஸ்க்ரூவில் விழாமல் சுவரில் விழும். வாசல் வழியாகக் கிளம்புகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான காவல் கிடையாது. வாத்தியார் வீட்டில் இப்போது அதுதான் இருக்கிறது.

கடப்பாரையையும் ஏணியையும் கொல்லையில் விட்டுவைப்பது

வாத்தியார் வீட்டுக் கதவை நெம்பியது அவர்கள் தேங்காய் உரிக்கும் கடப்பாரைதான். திருடன் அதை மட்டைக் குவியலுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான். ஊருக்குக் கிளம்புமுன் கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டுங்கள். ஏணியைப் படுக்கவைத்துத் தூணோடு சங்கிலி போடுங்கள். ஓட்டு வீடாக இருந்தால் இது இன்னும் முக்கியம். நாலு ஓட்டைப் பிரித்தால் ஆள் இறங்கிவிடலாம்.

முற்றத்துக் கம்பி

முற்றத்துக்கு மேலே திறப்பில் போட்ட கம்பி மழை குடித்துத் துருப்பிடித்திருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மேலே ஏறி அசைத்துப் பாருங்கள்.

அணையாத பல்பும் போடாத கோலமும்

வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போனால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பகல் 12 மணிக்கும் எரிகிற பல்பு வீட்டில் ஆள் இல்லை என்றுதான் சொல்லும். மார்கழியிலும் பொங்கலிலும் தெரு முழுக்கக் கோலம் இருக்க, ஒரு வாசல் மட்டும் நாலு நாளாக வறண்டு கிடந்தால் வேறு அடையாளமே வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள்: காலையில் தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கோலம், சாயங்காலம் விளக்கு. அவர்கள் ஊருக்குப் போகும்போது நீங்கள் செய்யுங்கள்.

சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைப்பது

வேண்டவே வேண்டாம்.

லாக்கரிலிருந்து எடுத்த நகையை பீரோவில் வைத்துவிட்டுப் போவது

இது தை மாசத்துத் தவறு. பொங்கலுக்கு வங்கி லீவு என்று மார்கழிக் கடைசியிலேயே கல்யாணத்துக்கான நகையை எடுத்துவிடுவார்கள். முகூர்த்தத்துக்கு நடுவில் குலதெய்வம் கோயிலுக்கு இரண்டு நாள். நகை பீரோவில், பீரோ சாவி புடவை மடிப்பில். லீவுக்கு முன்னால் எடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த இரண்டு நாளும் வீட்டில் ஒருவராவது தங்குங்கள். லாக்கரில் திருட்டு போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி அது. இருந்தாலும் பீரோவைவிட லாக்கர் எவ்வளவோ மேல்.

நகையை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வையுங்கள். இப்போது விற்கும் ஹால்மார்க் நகையில் ஹெச்.யு.ஐ.டி. என்று, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் நகைக்கு ஒன்றாகப் பொறித்திருக்கும், அதையும் ஒரு நோட்டில் எழுதி, ரசீதோடு வேறு வீட்டில் வையுங்கள். போலீஸ் மீட்ட நகைக்குள் "இது என்னுடையது" என்று காட்ட அதுதான் உதவும்.

கேமரா பெட்டி டிவிக்குப் பக்கத்தில்

படம் பதிவாகும் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பரணில் மறைத்து வையுங்கள்.

ஸ்டேஷனில் சொல்லாமல் கிளம்புவது

நிறையப் பேருக்குக் கூச்சம். கூச்சம் தேவையில்லை. முகவரி, கிளம்பும் தேதி, திரும்பும் தேதி, உங்கள் போன் எண் நாலையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பூட்டிய வீடு என்று தெரிந்தால் ரோந்து போகிறவர்கள் பார்ப்பார்கள். கொல்லைப் பக்கம் வழி எது என்றும் மறக்காமல் எழுதுங்கள். ஜீப் தெருவழியாகத்தான் வரும்.

திருட்டு நடந்த வீட்டைக் கூட்டிப் பெருக்குவது

பதற்றத்தில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். சிதறிக் கிடக்கும் துணியை மடிப்பார்கள், பீரோவைச் சாத்துவார்கள், மோப்ப நாயைக் குழப்பத் தூவிய மிளகாய்ப் பொடியைத் துடைப்பார்கள். கைரேகை எல்லாம் அதோடு போய்விடும். கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தால் உள்ளே போகாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியே நின்று 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகவே தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

போலீஸ் பார்த்து முடித்ததும், எந்நேரமானாலும் சரி, தச்சரைக் கூப்பிடுங்கள். நிலை பிளந்த கதவோடு அந்த ராத்திரியைக் கழிக்காதீர்கள். நான் இரவு 11 மணிக்கும் போயிருக்கிறேன்.