தனியாரில் ஸ்கேன் எடுக்கும் முன்

புற்றுநோய் சந்தேகத்தில் எடுத்த பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவு வரும்வரை சும்மா இருக்க முடியாமல்தான் பலர் கைக்காசு போட்டு ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். முதலில் மருத்துவரிடம் ஒன்றே கேளுங்கள்: "இதில் என்ன வந்தாலும் சிகிச்சை மாறுமா?" மாறாது என்றால் பணம் மிச்சம். புற்றுநோயை உறுதிசெய்வது பெரும்பாலும் பயாப்ஸிதான்.

எடுத்தே ஆகவேண்டுமா? எந்தப் பகுதி, கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரியக் கொடுக்கும் மருந்து) உண்டா என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். சொன்ன கட்டணத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து, ரிப்போர்ட் எல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். பில் எகிறுவது பெரும்பாலும் அங்கேதான். சிடி கான்ட்ராஸ்ட் என்றால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு கையில் இருக்கட்டும். பெட் ஸ்கேனுக்கு (புற்றுநோய் உடலில் எங்கே இருக்கிறது என்று தேடும் ஸ்கேன்) குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு; ரத்தச் சர்க்கரை 200 mg/dL-ஐத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடலாம். ஃபிலிம் மட்டும் போதாது, டைகாம் கோப்புகளையும் (ஸ்கேன் படங்களின் அசல் டிஜிட்டல் வடிவம்) வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த மருத்துவர் மறுபடியும் எடுக்கச் சொல்லலாம்.