நேர்காணலில் பில்லிங் நேரத்தைப் பற்றிப் பேசலாமா?

பில்லிங் நேரம் என்றால் கட்சிக்காரரிடம் கட்டணம் வாங்கக் கணக்கில் காட்டும் வேலை நேரம். சட்ட நிறுவன வேலைக்கான முதல் சுற்றிலேயே "வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் பில் போடணும்?" என்று கேட்டுவிடாதீர்கள். உழைக்கத் தயங்குகிற ஆள் என்று முத்திரை விழும். நியாயமில்லைதான், ஆனாலும் விழும். அங்கே வேலை பார்க்கும் ஜூனியரிடம் தனியாக விசாரித்தாலே இலக்கு தெரிந்துவிடும்.

ஆஃபர் கைக்கு வந்தபின், ஒப்புக்கொள்வதற்கு முன், கூச்சமில்லாமல் கேளுங்கள். இலக்கைத் தொட்டால்தான் போனஸா? இலவச சட்ட உதவிக்குச் செலவிடும் நேரம் கணக்கில் சேருமா? கட்சிக்காரருக்கு அனுப்பும் பில்லில் பார்ட்னர் வெட்டிய மணிகள் உங்கள் கணக்கிலும் குறையுமா? பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். 1,900 மணி இலக்கு, 48 வேலை வாரங்கள் என்றால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 40, நாளுக்கு 8 மணி நேரம். உள் கூட்டம், பயிற்சி, சாப்பாடு எதுவும் இதில் சேராது; ஆகவே அலுவலகத்தில் 10 மணி நேரமாவது இருக்க வேண்டிவரும்.

அனுபவசாலி என்றால் உங்களிடமே கேட்பார்கள். கடைசி 2 ஆண்டுகளின் எண்களைத் தயாராக வைத்திருங்கள். குறைந்திருந்தால் காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள்: நீண்ட விடுப்பு, பெரிய வழக்கு சமரசத்தில் முடிந்தது, இப்படி. கட்சிக்காரர் பெயர் மட்டும் வாயில் வரக்கூடாது. நேரத்தை அன்றன்றே 6 நிமிட அலகுகளில் பதிவு செய்யும் பழக்கம் இருந்தால் அதைத் தாராளமாகச் சொல்லலாம்.